குட்ட என்றால் குட்டை

அவர் செத்த அன்றைக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வந்தார்கள். எல்லா மாலையும் ஒரே பூக்கடையில் வாங்கியது. சித்தூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரிய தலைவர், வாசலில் நின்று தெலுங்கில் கொஞ்ச நேரம் இரங்கல் பேசினார். பேசி முடித்ததும் பழக்க தோஷத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் நின்று அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் உள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டுக் காருக்குப் போனார்.

தலைவர் பேசியது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தெலுங்கு தெரியாதவர் ஒருவரும் கிடையாது. நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில், ஆந்திராவுக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டும். அப்படியிருந்தும் தேர்தல் வந்துவிட்டால் ஒவ்வொரு கட்சியும் அவருக்கு வண்டி அனுப்பும். தமிழ் வோட்டுக்குத் தமிழில் பேசினால்தான் மரியாதை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மேடையில் தலைவர் தெலுங்கில் ஒரு வரி சொல்வார், இவர் ஓர் அடி பின்னால் நின்று தமிழில் ஒரு வரி சொல்வார். கேட்கிற எங்களுக்கு முதல் வரியே புரிந்துவிடும். இரண்டாவது வரிக்காகத்தான் கூட்டம் வரும்.

ஏனென்றால் இரண்டு வரியும் ஒன்றாக இருந்ததே இல்லை.

மொழிபெயர்ப்புக்குத் தெலுங்கில் அனுவாதம் என்று பேர். எங்கள் ஊரில் அதுவே அவருக்கும் பேராகிவிட்டது. தலைவர் வந்தாரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். "அனுவாதம் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் வந்துவிட்டார் என்றால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள். நான் மைக் செட் போடுகிறவன். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனாலும் கடைசி வரைக்கும் என்னை "மைக்கு" என்றுதான் கூப்பிட்டார்.

பகலில் அவருக்குப் புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிற வேலை. எந்தப் பொம்பளையிடமும் இந்தக் கலர் உனக்கு எடுக்காது என்று அவர் சொன்னதில்லை. "இந்தக் கலருக்கு நீங்க எடுக்கறீங்கம்மா" என்பார். சொன்னதன் அர்த்தம் அவருக்கும் தெரியாது, கேட்டவளுக்கும் தெரியாது, சேலை மட்டும் விற்றுவிடும். மேடையிலும் அதே கைதான். பேசும்போது இரண்டு கையும் தன்னால் விரியும், ஆறு கஜத்தையும் கூட்டத்தின் மடியில் போடுகிற மாதிரி. யாருக்கும் மனசு நோகிற சொல் அவர் வாயில் ஏறாது. ஏறினாலும் வெளியே வருவதற்குள் வேறு சொல்லாகியிருக்கும்.

ஒரு தடவை கங்காதர நெல்லூர் பக்கத்துத் தலைவர் ஒருவர் எதிர்க்கட்சிக்காரர்களைப் பற்றிப் பேசினார். அவர்களின் காலை உடைப்போம் என்று மைக்கைக் கடித்துவிடுகிற மாதிரி கத்தினார். என் ஸ்பீக்கர் அலறியது. இவர் நிதானமாகத் தமிழில் சொன்னார்: "அவங்க நடந்து வந்த பாதைய நாங்க மறக்கமாட்டோம்ன்றாரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் அதைத் தன் வீரத்துக்குக் கிடைத்த வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினார்.

இன்னொருவர் எங்களையே திட்ட வந்தார். போன தேர்தலில் எங்கள் பிரியாணியைத் தின்றுவிட்டு அவனுக்கு வோட்டுப் போட்டீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டார். இவர் ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு, "போன தடவ நீங்க நம்ம சாப்பாட்ட சந்தோஷமா துன்னத அவரு இன்னும் நெனச்சிக்கினு இருக்காரு. அத நெனச்சா அவருக்கே கூச்சமா கீதாம்" என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அந்தத் தலைவர் மேடையை விட்டு இறங்கும்போது இவர் தோளைத் தட்டி, உன் தமிழ் நெருப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னாண்ணா, இப்படி மாத்திச் சொல்றே?" என்று ஒருநாள் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"மாத்தலப்பா மைக்கு. அவரு கோவத்துல சொல்றாரு. கோவம் போனப்புறம் இன்னா சொல்வாரோ அத நான் முன்னாடியே சொல்லிடறேன்."

என் கல்யாணமே அவர் அனுவாதத்தில் நடந்ததுதான். பெண் வீடு வரதய்யபாளையம் பக்கம், தெலுங்குக்காரர்கள். நிச்சயத்தன்று தாம்பூலத்தட்டை யார் முதலில் நீட்டுவது என்று ஆரம்பித்த பேச்சு, என் நைனாவின் குடிப்பழக்கம் வரைக்கும் போய்விட்டது. இரண்டு பக்கமும் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் இவர் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, மாமனார் சொன்ன ஒவ்வொரு வசவையும் எங்கள் பக்கம் திரும்பிப் பாராட்டாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பதிலை அந்தப் பக்கம் வாழ்த்தாக்கினார். கொஞ்ச நேரத்தில் திட்டுகிறவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மாமனார் வேண்டுமென்றே மோசமாகத் திட்டிப் பார்த்தார், இவர் அதை எப்படி மாற்றுகிறார் என்று கேட்பதற்காக. என் மனைவி இன்றைக்கும் என்மேல் கோபம் வந்தால், "இத அனுவாதம் அண்ணா இருந்தா எப்படிச் சொல்வாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் திட்டுகிறாள்.

இப்படிப்பட்ட மனுஷன் எங்கள் மலை விவகாரத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.

ஊருக்கு மேற்கே ஒரு சின்ன மலை இருந்தது. செம்மரம், வேங்கை, துரிஞ்சி, களா, காரை என்று யாரும் நடாமல் தானாக முளைத்த காடு. ஜில்லாவைப் பிரித்தபோது மலையின் ஒரு பக்கம் சித்தூருக்கும் மறுபக்கம் திருப்பதிக்கும் போனது. மனு கொடுக்கப் போனால் அந்த ஆபீஸ் இந்த ஆபீஸைக் கைகாட்டும். காட்டிலாகாவின் கோட்டுக்கு வெளியே இருந்ததால் அவர்கள் கணக்கில் அது காடே இல்லை. ரெவின்யூ பதிவில் அதற்குப் பேர் குட்ட புறம்போக்கு.

தெலுங்கில் குட்ட என்றால் சின்ன மலை. நாங்களும் அப்படித்தான் சொல்வோம். தண்ணீர் நிற்கிற குட்டையையும் பேச்சில் குட்ட என்றுதான் சொல்வோம். குழப்பமெல்லாம் வராது. கை மேலே போனால் மலை, கீழே போனால் தண்ணீர்.

அந்தக் காட்டில் பெய்த மழைதான் மண்ணுக்குள் இறங்கிக் கீழே எங்கள் கிணறுகளுக்கு வந்துகொண்டிருந்தது. மரம் போனால் கிணறு போகும். கிணறு போனால் மாந்தோட்டம் போகும். தோட்டம் போனால் ஆண்கள் எல்லோரும் ரேணிகுண்டா கம்பெனிகளின் கேட்டில் விசில் ஊதுகிற வேலைக்குப் போக வேண்டியதுதான். இதைச் சொல்ல எந்த நிபுணரும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பக்கத்து ஊரில் நடந்ததைப் பார்த்திருந்தோம்.

ஒவ்வொரு சர்க்காரும் வந்தவுடன் மரம் நடும் திட்டம் ஒன்று போடும். பேர் மட்டும் மாறும், குழி அதேதான். அந்த வருஷத்துத் திட்டத்துக்கு ஒரு மந்திரி எங்கள் குட்ட அடிவாரத்துக்கு வந்தார். அவருக்காகக் கொண்டுவந்திருந்த செடி ஏதோ வெளிநாட்டுச் செடி. அதன் பேரைச் சொன்னால் சுகர் மாத்திரை பேர் மாதிரி இருந்தது. அதை நடுவதற்கு இடம் வேண்டும் அல்லவா? மந்திரி மலையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஈ பிச்சி மொக்கலன்னி தீசேசி, மஞ்சி செட்லு நாடுதாம்!"

இந்தக் களையையெல்லாம் எடுத்துவிட்டு நல்ல மரம் நடுவோம் என்று அர்த்தம். பிச்சி மொக்க என்றால் தெலுங்கில் களைச்செடி. செம்மரத்தையும் வேங்கையையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. முன் வரிசையில் என் சின்னம்மா உட்கார்ந்திருந்தாள். குட்டயின் தெற்குச் சரிவுக்குக் கீழேதான் அவள் கிணறு. சின்னம்மா முகம் மாறியதை அனுவாதம் மேடையிலிருந்து பார்த்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து உன் காட்டை வெட்டப் போகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கை இரண்டும் விரிந்தன.

"நம்ம குட்டமேல பிச்சிப்பூ நட்டுத் தரப் போறாராம்! இருக்கற நல்ல மரமெல்லாம் அப்படியே இருக்கட்டும்ன்றாரு!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. சின்னம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மந்திரிக்கு அந்தச் சுற்றுப்பயணத்தில் எங்கேயும் அவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது. அவர் முகமெல்லாம் பல்லாக எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. களைகளை அகற்றும் மந்திரியின் அறிவிப்பை எல்லைப்புறத் தமிழ் மக்கள் பலத்த கரகோஷத்துடன் வரவேற்றார்களாம். அந்தப் பேப்பரைக் காட்டித்தான் மெஷினை ஏற்றினார்கள். ஊர் சம்மதம் எங்கே என்று கேட்ட பஞ்சாயத்துத் தலைவர் சர்பஞ்சிடமும் அதையே காட்டினார்கள். தெற்குச் சரிவு மொட்டையானது. வெட்டிய களையை லாரியில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, முன்னாலும் பின்னாலும் ஜீப் வைத்துக்கொண்டு போனார்கள். களைக்கு இவ்வளவு பந்தோபஸ்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. நட்ட செடிகள் அந்தக் கோடையைத் தாண்டவில்லை. மந்திரி பேர் எழுதிய பலகை மட்டும் நன்றாக வேர் பிடித்து நின்றது.

அடுத்த சித்திரையில் சின்னம்மாவின் கிணறு தரை தட்டியது.

அவள் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் கடையில் சேலை பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பாயைத் தட்டிப் போட்டார்.

"சேலை வாணாம்ணா. பிச்சிப்பூ வாங்க வந்தோம். எங்க வெச்சிக்கீறே?" என்றாள் சின்னம்மா.

அவர் கையிலிருந்த சேலை மடியில் விழுந்தது.

"நீங்க கை தட்டனது எனக்கும்மா. நான் சொன்ன வேடிக்கைக்கு. அவரு தனக்குன்னு எடுத்துக்கினாரு. கைதட்டறதுக்கு அனுவாதம் பண்ண முடியாதுல்ல?"

"அப்போ எங்களாலதான் காடு போச்சின்றியா?"

அதை மாற்றிச் சொல்ல அவருக்கு வார்த்தை அகப்படவில்லை. கடை முதலாளி பார்க்கிறார் என்றுகூட நினைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. நல்லவனாக இருந்தே ஒரு மலையில் கால்வாசியைத் தொலைத்துவிட்டாரே என்று பஸ்ஸில் வரும்போது வாய்விட்டே திட்டினேன். சின்னம்மா, "உடு, அந்தாளுக்குக் கெட்டது சொல்லத் தெரியாது, இன்னா பண்ணுவான்" என்றாள். கிணற்றை இழந்தவள் அவள், சமாதானம் சொன்னதும் அவளேதான்.

தெற்குச் சரிவு மொட்டையானதும் உள்ளே இருந்த பாறை வெளியே தெரிந்தது. பாறை தெரிந்ததும் கான்ட்ராக்டர் வந்தார். எங்கள் பக்கம் கட்சி மாறும், ஆட்சி மாறும், கான்ட்ராக்டர் மாறமாட்டார். தோளில் கிடக்கிற துண்டின் கலரை மட்டும் மாற்றிக்கொள்வார். மலை முழுக்கக் கிரானைட் எடுக்க அவர் மனுப் போட்டார். அதற்கு முன்னால் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். கேட்கச் சொன்ன சட்டம், கேட்டபடி நடக்கச் சொல்லவில்லை. ஆனாலும் பந்தல் போட்டார்கள், நாற்காலி போட்டார்கள், என் மைக்கையும் போட்டார்கள்.

விசாரிக்க வந்த ஆபீசர் வடக்கத்திக்காரர். வேலைக்கு வந்து தெலுங்கு கற்றுக்கொண்டவர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. எங்கள் அனுவாதத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, அனுவாதம் உண்மையிலேயே தேவைப்படுகிற ஓர் ஆள் கிடைத்தார்.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் அனுவாதம் எங்கள் தெருவுக்கு வந்தார். கிணறு விஷயத்துக்கப்புறம் அப்போதுதான் ஊருக்குள் வருகிறார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"நாளைக்கு ஒருத்தரும் தெலுங்குல பேசாதீங்கோ."

"ஏன்? எங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெலுங்குல பேசுனா நீங்க சொன்னத எழுதுவாங்கோ. தமிழ்ல பேசுனா நான் சொன்னத எழுதுவாங்கோ."

"நீ சொன்னதத்தான் பாத்தோமே" என்றாள் சின்னம்மா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் போகவில்லை. "குட்டன்னா அவங்களுக்கு மலை. மலைன்னா கல்லு. கல்லுன்னா யாருக்கு வேணா குத்தகைக்கு உடுவாங்கோ. தண்ணி நிக்கற எடம்னா மட்டுந்தான் கை வெக்க பயப்படறாங்கோ, கோர்ட்டு கேள்வி கேக்குது. மேல பாறையில ஒரு பள்ளம் இருக்குதில்ல?"

"நாலு ஆடு குடிச்சா தீந்துபூடும்ணா" என்றேன்.

"தண்ணி இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"போதும்."

மறுநாள் சின்னம்மாதான் முதலில் எழுந்தாள். மலையைப் பார்த்துக் கையை உயர்த்தி, "எங்க குட்டய தொட்டா உங்க கை வெளங்காது! பேதி எடுத்துப் போவீங்கோ!" என்று தமிழில் கத்தினாள்.

அவர் ஆபீசர் பக்கம் திரும்பினார். கை கீழே இறங்கியது, தண்ணீரை அள்ளுகிற மாதிரி. தெலுங்கில் குண்ட என்றால் குட்டை. எங்கள் குண்டத் தண்ணீரில் நீங்களும் ஒருதரம் கை நனைத்துப் பார்க்க வேண்டும், வயிற்றுக்கு அவ்வளவு நல்லது என்று அம்மா சொல்கிறார் என்றார். அடுத்தவர் எழுந்து திட்டினார், அதுவும் குண்டயின் பெருமையாக மாறியது. வரிசையாக எல்லோரும் குட்ட குட்ட என்று மலையைக் காட்டித் திட்ட, இவர் குண்ட குண்ட என்று தரையைக் காட்டித் தண்ணீர் மொண்டுகொண்டே இருந்தார்.

கான்ட்ராக்டருக்கு இரண்டு பாஷையும் தெரியும். பொறுக்க முடியாமல் எழுந்து, "சார், குட்ட அண்டே கொண்ட சார்! மலை சார்!" என்று கத்தினார்.

ஆபீசர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ட்ரான்ஸ்லேட்டர் எவரு? மீரா?" என்று, இங்கே மொழிபெயர்க்கிறவர் நீங்களா என்கிற மாதிரி கேட்டார். கான்ட்ராக்டர் உட்கார்ந்துவிட்டார்.

ஆபீசர் ஷூவோடு மலையேறிப் பார்க்கவும் செய்தார். எங்கள் நல்ல காலம், முந்தின வாரம் மழை பெய்து பாறைப்பள்ளம் தளும்பிக் கிடந்தது. அவர் போட்டோ எடுத்த சமயத்தில் ஒரு தவளையும் குதித்தது. நீர்நிலை இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குவாரி மனு திரும்பிப் போனது. அன்றைக்குத் தெருவில் அனுவாதத்தை உட்காரச் சொல்லிச் சின்னம்மா தன் கையாலேயே சோறு போட்டாள். எனக்கும் அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது. சர்க்கார் பதிவில் எங்கள் மலை குட்டையானது. உச்சியில் ஒரு பலகையும் வைத்தார்கள், இது நீர்நிலை, ஆழம் அதிகம், குளிக்காதீர்கள் என்று.

பிறகு தேர்தல் வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அடிவாரத்துக்கு வந்து, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, இந்தக் குட்டயைக் காப்போம் என்று சத்தியம் செய்தார்கள். ஜெயித்தார்கள். கான்ட்ராக்டர் துண்டை மாற்றினார். கொஞ்ச நாளில் எங்கள் குட்டைக்குத் தூர் வாரும் திட்டம் சாங்ஷனாகி வந்தது.

நாங்கள் முதலில் சிரித்தோம். மலையை யாராவது தூர் வாருவார்களா? அடிவாரத்தில் பூமி பூஜைக்குப் பந்தல் போட்டபோதுதான் சிரிப்பு நின்றது. மண்ணும் கிராவலும் கல்லும், எடுக்க எடுக்க எல்லாம் தூர்தான். குவாரிக்கு அனுமதி வேண்டும், தூர் வாருவதற்குப் பாராட்டு விழாவே நடத்துவார்கள்.

புது மந்திரி மைக் பிடித்தார். முந்தைய ஆட்சி இந்தக் குட்டையைக் கவனிக்கவே இல்லை, தூர் வாராமல் விட்டுவிட்டுப் போனார்கள், மண் சேர்ந்து சேர்ந்து இன்று குட்டையே மலையாகிவிட்டது பாருங்கள் என்று தெலுங்கில் சொன்னார். சொல்லிவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கூட்டம் அனுவாதத்தைப் பார்த்தது. எல்லோர் வாயிலும் சிரிப்பு தயாராக இருந்தது. அவர் மைக்கை வாங்கினார். கை விரியவில்லை.

"போன ஆட்சிக்காரங்க தூர் வாராம உட்டாங்களாம். மண்ணு சேந்து குட்ட மலையாயிடிச்சாம். இப்போ அந்த மண்ண எடுக்கப் போறாங்களாம். மலை இருக்காது. அவ்ளோதான் சொன்னாரு."

நான் அவருக்கு மைக் போட ஆரம்பித்த நாளிலிருந்து, சொன்னதைச் சொன்னபடி அவர் சொன்னது அன்றைக்குத்தான். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கைகூடத் தட்டவில்லை. மந்திரி கைதட்டலுக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தேங்காயை உடைத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை பேப்பரில் என்ன எழுதுவார்கள் பார்ப்போம் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலையில் அவர் பேப்பரோடு என் கடைக்கு வந்தார். நீண்ட நாள் கனவு நிறைவேறிய நெகிழ்ச்சியில் மக்கள் வாயடைத்து நின்றார்களாம்.

"பாத்தியா மைக்கு? நாம சும்மா இருந்ததயும் அனுவாதம் பண்ணிட்டாங்கோ" என்றார். பேப்பரை நாலாகக் கிழித்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜேசிபி எங்கள் தெரு வழியாக மலைக்குப் போனது. பின்னாலேயே ஊரே ஏறியது. அவர் மேடைக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு, மூச்சு வாங்க, எல்லோருக்கும் முன்னால் ஏறினார். மெஷின் முதல் வேங்கை மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. டிரைவரிடம் தெலுங்கில், நிறுத்துங்க பாபு என்று கெஞ்சினார். டிரைவர் விழித்தார். தமிழில் கேட்டார். அதற்கும் விழித்தார். பிறகு டிரைவர் தலையை வெளியே நீட்டி ஹிந்தியில் நீளமாக என்னவோ சொன்னார். வழி விடுங்கள் என்றாரோ, சம்பளம் வரவில்லை என்றாரோ, எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பழக்கம்தான். எல்லோரும் இவர் பக்கம் திரும்பினோம்.

"இன்னாண்ணா சொல்றாரு?" என்றாள் சின்னம்மா.

அவருக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அது எங்களுக்கும் தெரியும். அவர் டிரைவருக்கு இடது பக்கமாக ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டார். இரண்டு கையும் மெதுவாக விரிந்தன.

"அவுங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒரு குட்ட இருந்துச்சாம். இப்போ இல்லியாம். அதனால இன்னிக்கு இவரு இத தொடமாட்டாராம்."

சின்னம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம், அழுதுகொண்டே சிரித்தவர்களும் இருந்தார்கள். டிரைவர் எங்களையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமலே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சின்னம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். பொழுது சாய்கிற வரைக்கும் அந்த வேங்கை நிழலிலேயே எங்களோடு உட்கார்ந்திருந்தார், இவரும் அவர் சொன்னதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அனுவாதத்தை நினைத்தால் அந்த ஒரு பகல்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மறுநாள் தெலுங்கு தெரிந்த டிரைவரை அனுப்பினார்கள்.